பயிரின் நிலையைத் தொலைவிலிருந்து அளத்தல்

எழுவான்கரை, படுவான்கரைக் கமக்காரருக்கான விளக்கம்

முன்னுரை

வரம்பிலே நின்று பயிரின் நிறத்தைப் பார்த்து அதன் குறையை அறிதல் எமது முன்னோர் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வந்த முறையாகும். கரும்பச்சையாய் நிற்கும் பயிர் உணவு மிகுந்தது என்றும், வெளிறிய பயிர் பசித்திருப்பது என்றும் அனுபவமுள்ள கமக்காரர் ஒரு பார்வையிலேயே கூறிவிடுவர். எனினும், கண்ணின் தீர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். காலை ஒளியில் ஒருவிதமாகத் தோன்றும் பயிர் நண்பகலில் வேறுவிதமாகத் தோன்றும். பரந்த வட்டையின் நடுவே என்ன நிகழ்கின்றது என்பதும் வரம்பில் நிற்பவருக்குப் புலப்படுவதில்லை. இக்குறைகளை நீக்கும்பொருட்டு, பயிரைத் தொடாமலே அதிலிருந்து வரும் ஒளியை அளந்து அதன் நிலையை எண்ணாகக் கணிக்கும் முறை ஒன்று வளர்ந்துள்ளது. இதனைத் தொலையுணர்வு என்பர்.

களுதாவளைக் கிராமம் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது. வெற்றிலை, மிளகாய், கத்தரி, வெங்காயம் முதலியன இங்கு சிறு தோட்டங்களிற் பயிரிடப்படுகின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. இவ்விரு கரைகளின் நிலமும் பயிரும் வேறானவை. ஆகவே தொலையுணர்வின் பயனும் இரண்டிடத்தும் ஒன்றாயிராது. அது எங்கே உதவும், எங்கே உதவாது, அதன் முடிவைக் கமக்காரர் எவ்வளவிற்கு நம்பலாம் என்பவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

இலையும் ஒளியும்

சூரிய ஒளியிற் பல நிறங்கள் கலந்துள்ளன. இலையிலுள்ள பச்சையம் அவற்றுள் நீலத்தையும் சிவப்பையும் பெரிதும் உறிஞ்சி, உணவு ஆக்குவதற்குப் பயன்படுத்துகின்றது. பச்சை நிறத்தைக் குறைவாகவே உறிஞ்சுவதால் இலை எமக்குப் பச்சையாகத் தோன்றுகின்றது.

சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர் உளது. இலையின் உள்ளே கலங்களும் காற்றிடைவெளிகளும் அடுத்தடுத்து இருப்பதால் இக்கதிர் அங்கே சிதறுண்டு, அதன் பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகின்றது. எனவே, நலமாயும் அடர்த்தியாயும் நிற்கும் பயிர், சிவப்பு ஒளியிற் சிறு பங்கையும் செங்கீழ்க் கதிரிற் பெரும் பங்கையும் திருப்பியனுப்பும். பச்சையம் குன்றினால் திரும்பிவரும் சிவப்பு ஒளி கூடும். இலைகள் குறைந்தாலோ வாடிச் சுருண்டாலோ திரும்பிவரும் செங்கீழ்க் கதிர் குறையும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவதே தொலையுணர்வின் அடிப்படையாகும்.

எண்ணாகக் கணிக்கும் முறை

செங்கீழ்க் கதிரின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, வரும் விடையை இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இவ்வாறு பெறப்படும் எண்ணைப் பசுமைச் சுட்டி என இங்கு வழங்குவோம். 1972 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சாற் செய்மதியின் படங்களைக் கொண்டு ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளிப் புல்நிலங்களை ஆராய்ந்தோர் இக்கணக்கைப் பயன்படுத்தினர். அதன் பின்னர் இது உலகெங்கும் பரவியது.

உதாரணமாக, ஒரு நெல் வயல் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 5 பங்கையும் செங்கீழ்க் கதிரில் நூற்றுக்கு 45 பங்கையும் திருப்பியனுப்புகின்றது எனக் கொள்வோம். 45 இலிருந்து 5 ஐக் கழிக்க 40. இரண்டையும் கூட்ட 50. 40 ஐ 50 ஆல் வகுக்க 0.8. இது செழித்த பயிருக்குரிய எண். இன்னொரு வயல் சிவப்பில் 12 பங்கையும் செங்கீழ்க் கதிரில் 30 பங்கையும் திருப்பியனுப்பினால், 18 ஐ 42 ஆல் வகுக்க ஏறத்தாழ 0.43 வரும். இவ்வயலில் ஏதோ குறை உளது. பயிரற்ற நிலத்தில் இவ்வெண் பொதுவாக 0.2 அளவிலோ அதற்குக் கீழோ நிற்கும். நீர் நிறைந்த குளத்திற் சுழியத்திற்கும் கீழே செல்லும்.

இச்சுட்டிக்கு ஓர் எல்லை உண்டு. பயிரின் இலைகளின் மொத்தப் பரப்பு, அது நிற்கும் நிலப்பரப்பின் மூன்று மடங்கைத் தாண்டியபின், இலைகள் மேலும் பெருகினாலும் எண் அதிகம் உயராது. குடலைப் பருவத்தில் எல்லா வயல்களும் ஒரேயளவிற் செழித்திருப்பனபோலக் காட்டும். அப்பொழுது சிவப்புக்கும் செங்கீழுக்கும் இடைப்பட்ட ஓரப் பட்டையின் அளவையும் சேர்த்தே ஆராய்ச்சியாளர் கணிப்பர்.

இம்முறை வளர்ந்த வரலாறு

செங்கீழ்க் கதிரைப் பதியும் படச்சுருள் முதலிற் போர்க்காலத் தேவைக்கே பெரிதும் பயன்பட்டது. பச்சை வண்ணம் பூசி மறைக்கப்பட்ட பொருளும் உண்மையான இலையும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், அப்படச்சுருளில் வெவ்வேறாகத் தோன்றும். 1956 ஆம் ஆண்டளவிலே கலிபோர்னியாவில் ரொபேட் கொல்வெல் என்பார் இதே முறையை விமானத்திலிருந்து கையாண்டு, தானியப் பயிர்களின் நோயை அறியலாம் எனக் காட்டினார்.

எமக்கு அண்மையிலுள்ள சான்று கேரளத்துத் தென்னையாகும். அங்கு வேர்வாடல் நோய் தென்னந்தோட்டங்களை நெடுங்காலமாக வருத்தி வந்தது. ஏறத்தாழ 1970 ஆம் ஆண்டில் பி. ஆர். பிஷாரடி அவர்களின் தலைமையில், ஹெலிகொப்டரிலிருந்து செங்கீழ்ப் படச்சுருளைக் கொண்டு தோப்புகள் படம் பிடிக்கப்பட்டன. நோயுற்ற மரங்களும் நலமான மரங்களும் படத்தில் வேறுவேறு நிறச் சாயலில் தோன்றின. இந்தியாவின் தொலையுணர்வுப் பணிக்கு இம்முயற்சியே வித்திட்டது. 1988 ஆம் ஆண்டில் அந்நாடு தனது முதலாவது தொலையுணர்வுச் செய்மதியாகிய ஐ.ஆர்.எஸ். 1ஏ என்பதை விண்ணிற் செலுத்தியது. எமது நாட்டிலும் 2006 ஆம் ஆண்டில் வெலிகமப் பகுதியில் தென்னை இலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. ஆதலால் கேரளத்து அனுபவம் எமக்கும் உரியதேயாம்.

இன்று ஐரோப்பியரின் சென்ரினல் 2 வரிசைச் செய்மதிகள் 2015 ஆம் ஆண்டிலிருந்து பூமியைப் படம் பிடித்து வருகின்றன. ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே நிலத்தின் படம் கிடைக்கும். அப்படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

பயிராராய்ச்சியில் இதன் பயன்

புதிய நெல்லினம் ஒன்றைத் தோற்றுவிப்போர், ஒட்டுச் சேர்க்கையால் வந்த நூற்றுக்கணக்கான வழிகளைச் சிறு பாத்திகளில் விதைத்து அவற்றுட் சிறந்தவற்றைத் தெரிவர். உயரம், மட்டங்களின் தொகை, இலைப்பரப்பு, பூக்கும் நாள், உவரைத் தாங்கும் ஆற்றல் முதலிய இயல்புகளை ஒவ்வொரு பாத்தியிலும் கையால் அளக்கப் பல நாள் செல்லும். முதற் பாத்தியை அளந்த நாளுக்கும் கடைசிப் பாத்தியை அளந்த நாளுக்கும் இடையே பயிரே வளர்ந்துவிடும். ஒப்பீடும் பிழைபடும். ஆளில்லாச் சிறுவிமானம் ஒன்று எல்லாப் பாத்திகளையும் ஒரே காலைப்பொழுதிற் படம் பிடித்துவிடுவதால் இக்குறை நீங்குகின்றது.

இவ்வாறு அளக்கப்படும் இயல்புகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

1. பசுமையும் இலைப்பரப்பும். இவை மேலே கூறிய சுட்டியால் அறியப்படும்.

2. உயரம். ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து பயிரின் மேற்பரப்பு கணிக்கப்படும். அதிலிருந்து வெறுநிலத்தின் மட்டத்தைக் கழிக்கப் பயிரின் உயரம் கிடைக்கும்.

3. வெப்பநிலை. பயிர் இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. நீர் போதாவிடத்துத் துளைகள் மூடிக்கொள்ள, இலை சூடேறும். வெப்பத்தைப் பதியும் கருவி இவ்வேறுபாட்டை, இலை சுருளுமுன்னரே காட்டிவிடும். வேரைச் சூழ்ந்த உவர் நீர் பயிரை வருத்தும்பொழுதும் இலை இவ்வாறே சூடேறும்.

மூன்றாவது இயல்பு வாவியோர வயல்களுக்கு மிகவும் வேண்டியது. அம்பலாந்தோட்டையிலே தெரிவுசெய்யப்பட்ட ஏ.ரி. 354 என்னும் இனம் உவரை ஓரளவு தாங்குவது. அதன் பெற்றோருள் ஒன்று கேரளத்து உவர் நிலங்களிற் பன்னெடுங்காலம் பயிரிடப்பட்ட பொக்காளி நெல்லாகும். இத்தகைய இனங்களை இன்னும் விரைவாகத் தெரிவதற்குத் தொலையுணர்வு துணைசெய்யும். புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவகத்திலே 2017 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட நிலையம் ஒன்றில், சாடிகளில் வளரும் செடிகள் தாமாகவே நகர்ந்து ஒளிப்படக் கருவிகளின் முன் சென்று அளக்கப்படுகின்றன.

முகிலும் ரேடாரும்

பெரும்போகத்தில், வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் எமது வானம் பல நாட்கள் முகில் மூடியிருக்கும். முன்மாரி வேளாண்மை வளரும் காலமும் அதுவே. ஒளியைப் பதியும் செய்மதிக்கு அப்பொழுது முகிலே தெரியும், வயல் தெரியாது. இதற்கு மாற்றாக ரேடார்ச் செய்மதிகள் பயன்படுகின்றன. இவை தாமே நுண்ணலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதை அளப்பன. முகில் இவ்வலைகளைத் தடுப்பதில்லை. நீர் கட்டிய வயல் கண்ணாடி போன்றிருப்பதால் அலையை அப்பாலே தெறிக்கச் செய்து படத்திற் கருமையாகத் தோன்றும். பயிர் வளர வளர அலை சிதறித் திரும்பி, அவ்விடம் வெளிறிக்கொண்டு வரும். இம்மாற்றத்தால் விதைப்பு நாளையும் பயிர் நிற்கும் பரப்பையும் கணிக்கலாம்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்முறையால் நெற்பரப்பையும் விளைவையும் மதிப்பிடும் பணியில் ஈடுபட்டது. 2016-17 ஆம் ஆண்டு வறட்சியின்போது, பயிர்க் காப்புறுதி இழப்பீட்டுக்குரிய கிராமங்களை அறிய அம்மதிப்பீடு துணையாயிற்று. இவ்வாறு, செய்மதிப் படத்திற் காணும் எண் ஒரு குடும்பத்தின் கையிற் சேரும் பணத்தையும் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது. அந்த எண் எவ்வாறு பெறப்படுகின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருக்க வேண்டுவது இதனாலேயே.

நிலத்தின் அளவும் படத்தின் அளவும்

செய்மதிப் படம் சிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்திற்கும் ஓர் எண்ணே உண்டு. 1972 ஆம் ஆண்டுச் செய்மதியில் ஒரு சதுரம் ஏறத்தாழ 80 மீற்றர் பக்கமுடையது. அது ஒன்றரை ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். சென்ரினல் 2 செய்மதியின் மிகச் சிறிய சதுரம் 10 மீற்றர் பக்கமுடையது. ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர் ஆகையால், அதனுள் 40 சதுரங்கள் வரை அடங்கும்.

பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பாலுள்ள பெரிய வயல்களுக்கு இது போதுமானது. எமது தோட்டங்களின் நிலை வேறு. கால் ஏக்கர்த் தோட்டத்திற் பத்துச் சதுரங்களே அடங்கும். அவற்றுட் பல ஓரத்தில் விழுந்து, வேலியையும் பாதையையும் அயலார் தோட்டத்தையும் கலந்து காட்டும். வெற்றிலைத் தோட்டத்தில் இத்துன்பம் இன்னும் பெரிது. கொடி நிமிர்ந்து ஏறுவதால் அதன் இலைகள் வானை நோக்கிப் பரந்திருப்பதில்லை. தென்னையோ வேறு நிழல் மரமோ மேலே நிற்குமாயின் செய்மதி காண்பது அம்மரத்தையே. ஆகவே வெற்றிலைச் செய்கையாளர் செய்மதி எண்ணை நம்பிப் பசளை இடுதல் தகாது. கொடிக் கணுக்களையும் இலைகளையும் நாளும் அருகிருந்து பார்ப்பதே அவர்க்கு ஏற்ற வழி.

ஆளில்லாச் சிறுவிமானம் தாழப் பறந்து சில சதம மீற்றர் அளவையும் காட்டவல்லது. ஆயினும் அதனைச் செலுத்துவோர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு அமைந்து நடத்தல் வேண்டும்.

எண் காரணத்தைக் கூறாது

இப்பிரசுரத்தில் யாவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவாகும். பசுமைச் சுட்டி குறைந்தது என்றால், பயிருக்கு ஏதோ நேர்ந்துள்ளது என்பதே பொருள். என்ன நேர்ந்தது என்பதை அவ்வெண் சொல்வதில்லை. ஒரு வட்டையில் மஞ்சளித்த திட்டு ஒன்று படத்திற் காணப்படுமாயின் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வயலில் இறங்கி அவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்:

1. நைதரசன் குறைவு. முதலில் முதிர்ந்த கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளிக்கும். மட்டங்கள் குறைந்து, பயிர் குட்டையாக நிற்கும்.

2. கந்தகக் குறைவு. இளம் இலைகளே முதலில் வெளிறும்.

3. உவர். இலை நுனிகள் வெளுத்துக் காயும். பயிர் சீரற்று, திட்டுத் திட்டாக நிற்கும். வாவிப் பக்கத்திலும் தாழ்ந்த இடங்களிலும் இது மிகுதி. காய்ந்த மண்ணின் மேல் வெண்படிவு தோன்றுவதும் உண்டு.

4. கபிலநிறத் தத்தி. பயிரின் அடியைப் பிரித்துப் பார்த்தால், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பூச்சிகள் மொய்த்திருக்கும். திட்டு வட்டமாகப் பரவிப் பயிர் எரிந்ததுபோலக் காயும்.

இவற்றுட் பிழையான காரணத்தைக் கொண்டால் விளைவு பெருங்கேடாகும். தத்தி தாக்கிய வயலைப் பசளை போதாத வயல் எனக் கருதி யூரியா இட்டால், பயிர் மென்மையும் அடர்த்தியும் அடைந்து பூச்சி இன்னும் பெருகும். உவர் ஏறிய வயலுக்கு வேண்டுவது நன்னீர் பாய்ச்சி வடியவிடுதல். அங்கு யூரியா இடுவது வீண் செலவு. படம், எந்த இடத்திற்குச் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும். அங்கு சென்று செடியைப் பிடுங்கிப் பார்ப்பது மனிதனின் வேலையாகவே இருக்கின்றது.

கமக்காரர் தாமே செய்யத்தக்கவை

செய்மதியோ விமானமோ இல்லாமலே இதே தத்துவத்தைக் கமக்காரர் பயன்படுத்தலாம். அதற்கு ஏற்றது இலை நிற அட்டையாகும். மஞ்சட் பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட நிறப் பட்டைகள் இதிலுள்ளன. கண்ணின் தீர்ப்புக்கு இது ஒரு நிலையான அளவுகோலைத் தருகின்றது. பயன்படுத்தும் முறை வருமாறு:

1. விதைத்து மூன்று வாரங்களிலிருந்து பூக்கும் வரை, 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை பார்க்கவும்.

2. வயலின் பல இடங்களிலும் நோயற்ற பத்துச் செடிகளைத் தெரிக. ஒவ்வொன்றிலும் முற்றாக விரிந்த மிக இளைய இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து ஒப்பிடுக. இலையைப் பறித்தல் கூடாது.

3. நேர் வெயிலிற் பார்த்தல் கூடாது. உடம்பின் நிழல் இலைமேல் விழுமாறு நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் ஒருவரே பார்க்க வேண்டும்.

4. பத்து இலைகளுள் ஆறோ அதற்கு மேற்பட்டனவோ குறித்த எண்ணிற்குக் கீழ்ப்பட்டு இருந்தால் நைதரசப் பசளை இடவேண்டும். வீசி விதைத்த நெல்லுக்கு 3 உம், நாற்று நட்ட நெல்லுக்கு 4 உம் பொதுவாகக் கொள்ளப்படும். உமது இனத்துக்கும் போகத்துக்கும் உரிய எண்ணை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

மரக்கறித் தோட்டம் செய்வோர்க்கு வேறொரு வழி உண்டு. தோட்டத்தின் ஒரு மூலையில் சிறு பாத்தி ஒன்றை ஒதுக்கி, அதற்குச் சிபாரிசு செய்யப்பட்ட பசளையைக் குறைவின்றி இடுக. ஏனைய பாத்திகள் அதன் நிறத்திலேயே நிற்கும் வரை மேலும் பசளை வேண்டியதில்லை. அவை அதனினும் வெளிறத் தொடங்கினால் அடுத்த தவணையை இடலாம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மணல் நிலத்தில் அது நிலைத்திராமல், மழையோடும் பாய்ச்சும் நீரோடும் கீழிறங்கும். களுதாவளை போன்ற இடங்களில் நிலத்தடி நீர் ஆழமற்றது. தோட்டத்திற்கு நீர் இறைக்கும் கிணறும் குடிநீர்க் கிணறும் அந்த ஒரே நீரையே பெறுகின்றன. பயிர் உண்ணாத பசளை கிணற்றிற் சேரும். நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. பயிரின் தேவையை அளந்து இடுவது பணத்தை மாத்திரமன்றி வீட்டாரின் நலத்தையும் காப்பதாகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைப்பட்ட காலத்து அனுபவத்தைக் கமக்காரர் மறந்திரார். பசளை அருமையானபொழுது, கையிலிருந்த சிறிதளவை எப்பாத்திக்கு எந்நாளில் இடுவது என்பதே பெருங் கேள்வியாயிற்று. அக்கேள்விக்கு விடை தருவது அளவையே.

கமக்காரரின் குறிப்பேடு

செய்மதியின் எண்ணை விளைச்சலாக மாற்றுவதற்கு, நிலத்தில் உண்மையாக அளந்த விளைச்சல் சில இடங்களிலேனும் தெரிய வேண்டும். இதனை நிலச்சான்று என்பர். சான்றில்லாத படம், படியில்லாத தராசு போன்றது. சான்று பிழையாயின் அதனை அடியாகக் கொண்ட மதிப்பீடும் பிழையாகும். அதனால் வரும் நட்டம் கமக்காரரையே சேரும்.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. அதிற் குறிக்க வேண்டியவை: வயலின் பெயரும் பரப்பும், நெல்லினம், விதைத்த நாள், பசளை இட்ட நாட்களும் அளவும், பூத்த நாள், வெள்ளமோ வறட்சியோ பூச்சியோ தாக்கிய நாள், அறுவடை நாள், கிடைத்த நெல்லின் நிறை.

அறுவடைக்கு முன் வயலின் மூன்று நான்கு இடங்களில் ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள சதுரத்தை அளந்து, அதனுள் நிற்கும் கதிரை மாத்திரம் அறுத்து, தூற்றிக் காயவைத்து நிறுக்கவும். நல்ல இடத்தை மட்டும் தெரிதல் கூடாது. சராசரி 500 கிராம் ஆயின் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கிலோகிராம் விளைவு எனக் கணிக்கலாம். அளப்பதற்கு அலுவலர் வரும்பொழுது உடனிருந்து, தெரியப்படும் இடங்களையும் நிறையையும் தமது ஏட்டிலும் பதிந்துகொள்வது கமக்காரரின் உரிமையும் கடமையுமாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தொலையுணர்வு பயிரிலிருந்து வரும் ஒளியையே அளக்கின்றது. விளைச்சல் அதிலிருந்து கணிக்கப்படுவது.

2. பரந்த நெல் வயல்களுக்கு அது நன்கு பயன்படும். சிறு தோட்டங்களுக்கும் வெற்றிலைக்கும் செய்மதி எண் ஏற்றதன்று.

3. எண் குறைந்த இடத்திற்கு நேரே சென்று காரணத்தைக் கண்டபின்னரே பரிகாரம் செய்க.

4. இலை நிற அட்டையைப் பார்த்துப் பசளை இடுக.

5. குறிப்பேட்டைத் தவறாது எழுதுக. அடுத்த போகத்திற்கும் இழப்பீட்டு வேளைக்கும் அதுவே சாட்சி.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தமது பிரிவிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காண்க. செல்லும்பொழுது வாடிய செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துச் செல்வது நலம்.